இரண்டு தாள்களில் ஒரே கையெழுத்து



அமெரிக்காவில் வாழும் நம் குடும்பங்களில், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் பிள்ளை பள்ளி அணியில் சேர விரும்பினால், பருவம் தொடங்குமுன் வீட்டுக்கு ஒரு கட்டுத் தாள்கள் வந்து சேர்கின்றன. இப்போது பல பள்ளிகளில் அவை கைப்பேசித் திரையிலேயே வருகின்றன. விரலால் தட்டினால் கையெழுத்தாகிவிடுகிறது. அவற்றுள் ஒன்று, விளையாட்டு மாணவரிடம் எதிர்பார்க்கப்படுவனவற்றைக் கூறும் தாள். பயிற்சிக்குத் தவறாமல் வர வேண்டும், முழு முயற்சியையும் தர வேண்டும், அணியைக் கைவிடக் கூடாது, மதிப்பெண் குறையக் கூடாது என்பன அதில் இருக்கும். இன்னொன்று, கன்கஷன் எனப்படும் மூளை அதிர்வைப் பற்றிய தாள். தலையில் அடிபட்டால் உடனே சொல்ல வேண்டும், ஆட்டத்திலிருந்து வெளியேற வேண்டும், மருத்துவர் எழுதித் தரும்வரை திரும்பக் கூடாது என்று அது கூறும்.

இரண்டிலும் ஒரே இரவில், பெரும்பாலும் படிக்காமலேயே, கையெழுத்திட்டு விடுகிறோம். ஒன்று கேட்பதை மற்றொன்று தடுக்கிறது என்பது நமக்கு உறைப்பதில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கோ அது நன்றாகவே தெரியும். முதல் தாளை மீறினால் என்ன ஆகும் என்பதை அவன் ஒவ்வொரு வாரமும் காண்கிறான்: அடுத்த ஆட்டத்தில் இடமில்லை, நண்பர்களின் முகம் மாறுகிறது. இரண்டாம் தாளை மீறினால், பெரும்பாலான நாள்களில், எதுவும் ஆவதில்லை. ஆகவே அவன் முதல் தாளுக்குக் கீழ்ப்படிகிறான். தலை வலிப்பதைச் சொல்லாமல் விளையாடுகிறான். இந்த இரு தாள்களில் எது மேலானது என்று தீர்த்துச் சொல்லும் கடமை பெற்றோருடையது. அதைச் செய்யாமல், அந்தத் தீர்ப்பைப் பன்னிரண்டு வயதின் தோளில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். இக்கட்டுரை அந்த நிம்மதிக்கு எதிரானது.

அந்த இரண்டாம் தாள் எப்படி வந்தது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2006 அக்டோபரில், வாஷிங்டன் மாநிலத்தின் மேப்பிள் வேலி என்ற ஊரில், ஸாக்கரி லிஸ்டெட் என்ற 13 வயதுச் சிறுவன் பள்ளி அணிக்காக அமெரிக்கக் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தான். முதற்பாதி முடியும் தறுவாயில், எதிரணி வீரனைத் தடுத்து விழுந்தபோது அவன் தலை தரையில் மோதியது. தலையைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். சற்று நேரம் வெளியே அமர்ந்தான். பிற்பாதியில் மீண்டும் இறங்கி ஆடினான். ஆட்டம் முடிந்ததும் தலை கடுமையாக வலிப்பதாகச் சொல்லி மைதானத்திலேயே சரிந்தான். சியாட்டில் மருத்துவமனைக்கு வான்வழியே கொண்டு செல்லப்பட்டான். வீங்கிய மூளைக்கு இடம் தருவதற்காக மண்டையோட்டின் இரு பக்கங்களையும் அகற்ற வேண்டியதாயிற்று. முதல் சொல்லைப் பேச ஒன்பது மாதங்கள் ஆயின. ஒரு கையையோ காலையோ அசைக்கப் பதின்மூன்று மாதங்கள். இருபது மாதங்கள் குழாய் வழியே உணவு. பிறர் துணையுடன் எழுந்து நிற்க ஏறத்தாழ மூன்று ஆண்டுகள்.

அன்று எந்தச் சட்டமும் மீறப்படவில்லை. மீறுவதற்குச் சட்டமே இருக்கவில்லை. அவனுடைய பெற்றோரும் மருத்துவர்களும் பிறரும் போராடியதன் பயனாக, 2009 மே 14 அன்று வாஷிங்டன் மாநிலம் அவன் பெயரிலேயே ஒரு சட்டம் இயற்றியது. ஆண்டுதோறும் பெற்றோரும் மாணவரும் அறிவுறுத்தல் தாளில் கையெழுத்திட வேண்டும். மூளை அதிர்வு என்ற ஐயம் எழுந்தாலே பிள்ளையை வெளியேற்ற வேண்டும். தகுதி பெற்ற மருத்துவப் பணியாளர் எழுத்து மூலம் அனுமதிக்கும்வரை திரும்ப விடக் கூடாது. 2014க்குள் ஐம்பது மாநிலங்களிலும் இத்தகைய சட்டங்கள் வந்துவிட்டன. நாம் படிக்காமல் விரலால் தட்டிவிடும் தாள் இதுதான். ஒரு சிறுவனின் இருபது மாதக் குழாய் உணவு அதற்குப் பின்னால் இருக்கிறது.

மூளை அதிர்வு என்றால் மயங்கி விழ வேண்டும் என்றே நம் வீடுகளில் பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். மிகப் பெரும்பாலானவற்றில் மயக்கமே வருவதில்லை. தலையில் நேராக அடிபட வேண்டும் என்பதும் இல்லை. உடலில் விழும் மோதல் தலையை உலுக்கினாலே போதும். தலைக்கவசம் மண்டையோடு உடைவதைத் தடுக்க உதவும். உள்ளே மூளை குலுங்குவதை அது நிறுத்தாது. ஸ்கேன் எடுத்தோம், ஒன்றும் இல்லை என்றார்கள் என்று ஆறுதல் அடைவோரும் உண்டு. சிடி ஸ்கேன் இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் தேடுவதற்கானது. சாதாரண மூளை அதிர்வு அதில் தெரிவதில்லை. குறிகள் சில நேரம் உடனே தோன்றாமல் மணிக்கணக்கில் கழித்தும் வெளிப்படும். ஆறாத மூளையில் இரண்டாவது அடி விழுந்தால் மிக அரிதாக, ஆனால் பெரும்பாலும் இளம் வயதினரிடமே, மூளை சட்டென வீங்கி உயிரையே பறிக்கும் நிலை ஏற்படலாம். ஐயம் வந்த அந்த நிமிடத்திலேயே வெளியேற்று என்று சட்டம் வற்புறுத்துவதன் காரணம் இது.

இவ்வளவையும் பிள்ளைகள் வகுப்பில் கேட்டிருக்கிறார்களே, சொல்லிவிட மாட்டார்களா என்று கேட்கலாம். விஸ்கான்சின் மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளிக் கால்பந்து வீரர்கள் 1,532 பேரிடம் நடத்தி 2004இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று உண்டு. அந்தப் பருவத்தில் மூளை அதிர்வுக்கு ஆளானவர்களில் பாதிக்கும் குறைவானோரே அதை எவரிடமாவது தெரிவித்திருந்தனர். மறைத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், அது அவ்வளவு பெரிதாகத் தோன்றவில்லை என்றனர். பத்தில் நால்வர், ஆட்டத்தை விட்டு வெளியேற விருப்பமில்லை என்றனர். இவர்கள் சட்டம் வருவதற்கு முந்தைய பிள்ளைகள் என்பது உண்மை. ஆயினும் ஆட்டத்தை விட்டு விலக விரும்பாத மனத்தை எந்தச் சட்டத்தால் மாற்ற முடியும்? அது வீட்டிலும் மைதான ஓரத்திலும் உருவாவது.

மைதான ஓரத்தில் நாம் என்ன செய்கிறோம்? பிள்ளை கீழே விழுந்து எழுந்து தள்ளாடும்போது, "ஒன்றுமில்லை, ஓடு!" என்று குரல் கொடுக்கும் வாப்பாக்களை எல்லா ஊர்களிலும் காணலாம். அதில் அன்பு இல்லாமல் இல்லை. நம் பிள்ளையைக் கோழை என்று எவரும் சொல்லிவிடக் கூடாது என்ற தவிப்பும், அதற்குமேல் புலம்பெயர்ந்து வந்தவரின் தனிப்பட்ட ஓர் அச்சமும் அதில் கலந்திருக்கின்றன: அணியில் ஒரே முஸ்லிம் பிள்ளை, மாநிறப் பிள்ளை, அவன் முதலில் உட்கார்ந்துவிடக் கூடாது. இந்த அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதன் விலையை நாம் செலுத்துவதில்லை. பிள்ளையின் மூளை செலுத்துகிறது.

கல்லூரி உதவித்தொகைக் கனவும் இதனுடன் சேர்ந்துகொள்கிறது. கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி அளவில் விளையாடுவோரில் ஏறக்குறைய 7 விழுக்காட்டினரே தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் அணிகளில் இடம் பெறுகின்றனர்; அதன் முதல் பிரிவை எட்டுவோர் ஏறக்குறைய 2 விழுக்காடு மட்டுமே. இது உயர்நிலைப் பள்ளிக் கணக்கு. ஏழாம் வகுப்பில் ஒரு செவ்வாய்க்கிழமை நடக்கும் ஆட்டத்தைத் தவறவிட்டதால் இழக்கப்படும் உதவித்தொகை என்று ஒன்று இல்லவே இல்லை.

அடுத்து வருவது, நம் வீடுகளில் மட்டுமே காணக்கூடிய இன்னொரு கொடுமை. அடிபட்ட பிள்ளை வீட்டுக்கு வருகிறான், சொல்லவில்லை. இரண்டு நாளில் எரிச்சல் கூடுகிறது, தூக்கம் கெடுகிறது, வெளிச்சம் கண்ணை உறுத்துகிறது, கணக்குப் பாடத்தில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறான். இவை அனைத்தும் மூளை அதிர்வின் குறிகள். நாமோ கைப்பேசியைப் பறிக்கிறோம்; சோம்பல் என்கிறோம்; தேர்வில் மதிப்பெண் குறைந்தால் அணியிலிருந்து எடுத்துவிடுவேன் என்று மிரட்டுகிறோம். மதிப்பெண் இல்லையேல் ஆட்டம் இல்லை என்று பள்ளியும் சொல்கிறது, வீடும் சொல்கிறது. காயம் பட்ட ஒரு மூளையை இரு பக்கமும் நின்று நெருக்குகிறோம்.

அணியிலிருந்து மருத்துவர் விலக்கிவைத்த பிள்ளையைச் சனிக்கிழமை காலையில் ஹிஃப்ழ் வகுப்புக்கு அனுப்பும் வீடுகளும் உள்ளன. ஓடத்தானே கூடாது, ஓதலாமே என்பது வாதம். மனனம் செய்வதைவிட மூளைக்குக் கடினமான வேலை எது? முதல் ஓரிரு நாள்கள் ஓய்வு, திரை நேரத்தைக் குறைத்தல், பிறகு நோய்க்குறிகள் பெரிதாகக் கூடாத அளவில் இலேசான நடையும் சிறிது சிறிதாகப் படிப்பும், படிப்பு முழுமையாகச் சீரான பிறகே மோதல் நிறைந்த ஆட்டம் என்பதுதான் இன்றைய மருத்துவ வழிகாட்டல். இருட்டறையில் நாள்கணக்கில் அடைத்துவைப்பதும் இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை. ஆட்டத்துக்குத் திரும்புவது ஆறு படிகளாக, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம் விட்டு நடக்க வேண்டும். ஒரு படியில் குறிகள் மீண்டால் முந்தைய படிக்கு இறங்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் நான்கு வாரங்களுக்குள் தேறிவிடுகிறார்கள். ஹிஃப்ழ் ஆசிரியரிடம் நான்கு வாரங்கள் கேட்பதில் என்ன குறைந்துவிடும்? உஸ்தாதும் அந்தத் தாளைப் படித்திருக்க வேண்டும் என்பேன்.

தொழுகையைப் பற்றியும் தாய்மார்கள் கேட்கிறார்கள். தலையைக் குனிந்தால் வலியும் சுற்றலும் கூடும் பிள்ளைக்கு, உட்கார்ந்து, ருகூவையும் ஸஜ்தாவையும் சைகையால் செய்து தொழும் சலுகையை மார்க்கம் ஏற்கெனவே தந்திருக்கிறது. நோன்புக் காலத்தில் அடிபட்டவன் நோயாளியே. விட்ட நோன்பைப் பின்னர் நோற்றுக்கொள்ளலாம். ஒலிபெருக்கி அதிரும் தராவீஹில் அவனை முன் வரிசையில் நிறுத்தி வைப்பது பக்தி ஆகாது.

"எல்லாம் தக்தீர், நடக்க வேண்டியது நடக்கும்" என்று முடித்துவிடுவோருக்கு ஒரு செய்தியை நினைவூட்ட விரும்புகிறேன். ஒட்டகத்தைக் கட்டாமல் அல்லாஹ்வின் மீது பாரத்தைப் போட வந்தவரின் நிகழ்ச்சி மதரஸாப் பிள்ளைகளுக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது அதைவிட நேரடியானது. ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. பயணம் ஒன்றில் ஒருவரின் தலையில் கல் பட்டுக் காயம் ஏற்படுகிறது. பின்னர் அவருக்குக் குளிப்பு கடமையாகிறது. தயம்மும் செய்துகொள்ள எனக்குச் சலுகை உண்டா என்று உடனிருந்தோரிடம் கேட்கிறார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்று அவர்கள் தீர்ப்பளிக்கிறார்கள். அவர் குளிக்கிறார், இறந்துபோகிறார். செய்தி நபி (ஸல்) அவர்களை எட்டியபோது, விதி என்று சொல்லி அவர்கள் அமைதியாகவில்லை. கடுமையாகச் சினந்தார்கள். அந்த மரணத்தின் பொறுப்பை, தீர்ப்பளித்தவர்கள் மீதே வைத்தார்கள். தெரியாதபோது கேட்டிருக்க வேண்டும் என்று கண்டித்தார்கள்.

தலையில் காயம் பட்ட ஒருவர், அவரைச் சுற்றி நல்லெண்ணம் கொண்ட மனிதர்கள், அறிவில்லாமல் சொல்லப்பட்ட ஒரு சொல், ஒரு மரணம். அவர்கள் தீயவர்கள் அல்லர். மார்க்கத்தைக் காப்பதாகவே எண்ணினார்கள். "ஒன்றுமில்லை, ஓடு!" என்று மைதான ஓரத்தில் நின்று கூவும் நாமும் அறியாமல் தீர்ப்பளித்தவர்களின் வரிசையில்தான் நிற்கிறோம்.

தெரியாததைக் கேட்பதற்கு நம்மிடையே மருத்துவர்களுக்குப் பஞ்சமில்லை. அதுவே இன்னொரு கேட்டுக்கும் வழியாகிறது. சனிக்கிழமை இறுதிப் போட்டி. மருத்துவரிடம் நேரம் கிடைப்பதோ அடுத்த வியாழன். உடனே உறவில் இருக்கும் மருத்துவர் மாமாவுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி போகிறது. பிள்ளையைப் பார்க்காமலேயே அனுமதிக் கடிதம் வந்துவிடுகிறது. மாமா கண் மருத்துவராக இருக்கலாம். இதய மருத்துவராகவும் இருக்கலாம். பார்க்காததைப் பார்த்ததாக எழுதித் தருவதற்கு நம் மார்க்கத்தில் பெயர் இருக்கிறது: பொய்ச்சாட்சி. மருத்துவச் சகோதரர்களே, உறவுக்காக இதைச் செய்யாதீர்கள். கேட்டவர் ஒரு வாரம் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

இத்தனையும் படித்துவிட்டு, அப்படியானால் விளையாட்டே வேண்டாம் என்று ஒரு கூட்டம் கிளம்பும் என்பதை அறிவேன். அவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. நீரிழிவும் இதய நோயும் நம் குடும்பங்களை எப்படி அரிக்கின்றன என்பது ஒவ்வொரு வீட்டின் மருந்துப் பெட்டிக்கும் தெரியும். ஓடியாடாத பிள்ளையைப் பாதுகாப்பான பிள்ளை என்று சொல்லிவிட முடியாது. ஆபத்தைக் குறைக்க முடியும் என்பதற்குச் சான்று உண்டு. பெற்றோர் சிலர் தொடுத்த வழக்கைத் தொடர்ந்து, 2015 நவம்பரில் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு, பத்து வயது வரையிலான பிள்ளைகள் பந்தைத் தலையால் முட்டுவதைத் தன் இளையோர் அணிகளில் தடை செய்தது. பதினொன்று முதல் பதின்மூன்று வயது வரை பயிற்சியின்போது முட்டுவதற்கு வரம்பு விதித்தது. கால்பந்து அழிந்துவிடவில்லை. பெற்றோர் கேள்வி கேட்டார்கள், விதி மாறியது.

குறிப்பாக, பெண்பிள்ளைகளை மைதானத்திலிருந்து விலக்குவதற்கு இதையும் ஒரு காரணமாக்கிக்கொள்ள வேண்டாம். கால்பந்து, கூடைப்பந்து போன்ற, இருபாலரும் ஒரே விதியில் ஆடும் விளையாட்டுகளில் பெண்களிடமே மூளை அதிர்வு அதிகம் பதிவாகிறது என்பது உண்மை. அதற்காக அவர்களைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். வீட்டில் உட்காரவைப்பது கவனிப்பு ஆகாது. ஹிஜாப் அணிந்து ஆடும் மகள் விழுந்தால், முக்காட்டின் கீழே காயத்தைப் பார்க்கப் பயிற்சியாளர் தயங்கக்கூடும். அந்தத் தயக்கத்தைத் தாய்மார்கள் பருவம் தொடங்குமுன்பே போக்கிவிட வேண்டும்: உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் என் மகளின் முக்காட்டை அகற்றத் தயங்காதீர்கள் என்று நேரில் சொல்லிவிடுங்கள். மகளின் காதிலும் அது விழட்டும்.

பயிற்சியாளரிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. ஐயம் எழும்போது பிள்ளையை வெளியேற்றும் அதிகாரம் யாருக்கு? வெளியூர் ஆட்டங்களில் யார் உடன் வருகிறார்கள்? பல நடுநிலைப் பள்ளிகளில் காயங்களைக் கவனிப்பதற்கென்று பயிற்சி பெற்ற பணியாளர் மைதானத்தில் இருப்பதில்லை. அறிவியல் ஆசிரியரே மாலையில் பயிற்சியாளராகிறார். அவர் நல்லவராக இருக்கலாம். ஒரே நேரத்தில் பதினைந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உங்கள் பிள்ளை சாதாரண நாளில் எப்படி நடப்பான், எப்படிப் பேசுவான் என்பதை அறிந்தவர் நீங்கள். அடிபட்டபின் தலைவலி கூடிக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாகத் தெரிந்தால், பேச்சுக் குழறினால், கை கால் மரத்தாலோ வலுவிழந்தாலோ, வலிப்பு வந்தால், எழுப்ப முடியாமல் உறங்கினால், எவரிடமும் கேட்டுக்கொண்டிராமல் 911ஐ அழையுங்கள்.

பிள்ளையிடம் சொல்ல வேண்டியது அதைவிடச் சிறியது. முதல் தாளையும் இரண்டாம் தாளையும் அவன் முன் வைத்து, இவை மோதும் நாளில் இரண்டாவதே வெல்லும் என்று, அவன் வாப்பாவின் வாயால் சொல்லப்பட வேண்டும். பயிற்சியாளர் முன்னிலையில் சொல்லப்பட்டால் இன்னும் நல்லது. தோழன் ஒருவன் அடிபட்டு மறைப்பதைக் கண்டால் அதைச் சொல்வது காட்டிக்கொடுத்தல் ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இறுதியாக நம் பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கு. பெருநாளையொட்டியும் கோடை விடுமுறையிலும் பள்ளிவாசல்களின் சார்பில் நடக்கும் கால்பந்து, கூடைப்பந்துப் போட்டிகள் பெருகியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் பள்ளிக்கு வெளியே நடக்கும் விளையாட்டில் சட்டத்தின் பிடி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. பல இடங்களில் அது நம்மை எட்டுவதே இல்லை. பொதுப் பள்ளி கேட்கும் ஒரு தாளைக்கூடப் பள்ளிவாசல் கேட்பதில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பயிற்சியாளர்களுக்காக இணையத்தில் இலவசப் பயிற்சி நடத்துகிறது. தொண்டர்கள் அனைவரும் அதை முடித்திருக்க வேண்டும் என்று விதி செய்யுங்கள். இரு அணிகளையும் சாராத ஒருவருக்கு, எந்தப் பிள்ளையையும் எந்த நிமிடத்திலும் வெளியே அழைக்கும் அதிகாரத்தைக் கொடுங்கள். அவருடைய தீர்ப்பை எந்த வாப்பாவும் மைதானத்தில் எதிர்க்கக் கூடாது என்று அறிவிப்பில் எழுதுங்கள். அடுத்த போட்டிக்கான குழு கூடும்போது முதலில் அவருடைய பெயரைத் தீர்மானியுங்கள். கோப்பைக்கு யார் பணம் தருவது என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.